புற்றுமண் மேடு

என் மகள் சைக்கிளில் குதிப்பதை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. மேட்டை நோக்கி அவள் வேகமெடுக்கும்போதே என் கண்கள் மூடிக்கொள்ளும். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். மண்ணில் டயர் உரசி வரும் சத்தம் மேட்டின் நுனியில் சட்டென்று அறுந்துபோகும். பிறகு பின்சக்கரம் சுற்றும் 'கிர்ர்' மட்டும் காற்றில் கேட்கும். மறுபடி டயர் மண்ணில் விழுந்து ஓடும் சத்தம் வந்த பிறகுதான் கண்ணைத் திறப்பேன். அதற்குள் அவள் மாமரங்களைத் தாண்டி எங்கோ போயிருப்பாள்.

மலைச் சைக்கிள் என்றால் சித்தூரில் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. மகள் திருப்பதியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வார இறுதியில் முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வருவாள். "பொண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுங்க சார், பாவம், சைக்கிள் மிதிச்சிக்கினு கீது" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். அந்தச் சைக்கிள் இரண்டு ஸ்கூட்டி விலை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அதில் மேட்டிலிருந்து பறந்து பள்ளத்தைத் தாண்டி இறங்குவாள் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

போன வருடம் தீபாவளி முடிந்து அவர்களுக்குப் பரீட்சை விடுமுறை வந்தது. அந்த வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு வெளியே ஒரு குன்றின் சரிவில் போட்டி. அதற்குமுன் பழகிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றாள். கார்வேட்டிநகரம் பக்கத்தில் என் அண்ணனுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மோட்டார் கொட்டகையை ஒட்டி இரண்டு அறைகள். தோப்புக்குள் ஏரிக்குப் போகும் ஓடை ஒன்று பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். "அந்த ஓடை போதும் நைனா, அதத் தாண்டணும், அவ்வளவுதான்" என்றாள். அவளோடு படிக்கும் இரண்டு பேர் வந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜூனியர் காலேஜில் விலங்கியல் பாடம் நடத்துகிறவன் நான். லீவு கிடைப்பது கஷ்டமில்லை.

"நீங்க போனா அதுங்களையும் சேத்து பயமுறுத்துவீங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கு ஆபீசில் லீவு இல்லை.

"சோறாக்கிப் போட ஒரு ஆள் வேணும் இல்ல" என்றேன்.

வந்த இருவரில் ஒருவன் பாலசமுத்திரம் பையன். விவசாயக் குடும்பம். கையில் மண்வெட்டி இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி. எந்த மேட்டையும் அவன்தான் கட்டுவான். இன்னொருத்தி திருப்பதிப் பெண். கோயில் கைங்கரியம் செய்யும் ஐயங்கார் வீடு. மூவரில் இறக்கத்தில் வேகம் அவளுக்குத்தான். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, உள்ளிருந்து என்னைப் பார்த்து, "மாமா, நீங்க அங்க நின்னு பாத்துண்டே இருந்தேள்னா எனக்கு ப்ரேக்கு பிடிச்சுடறது. கொஞ்சம் திரும்பிக்கோங்கோ" என்பாள்.

"அவரு திரும்பினாலும் அவரு பயம் இந்தப் பக்கம்தான் பாக்கும்" என்பாள் என் மகள்.

தோப்பு மண் சிவப்பு மண். மணல் கலந்தது. அதில் மேடு கட்டினால் நுனி உதிர்ந்துவிடுகிறது. சைக்கிள் எகிறிக் கிளம்பும் இடம் அந்த நுனிதான். அது கல்லாக நிற்கவேண்டும். முதல் நாள் முழுக்கக் கட்டிக் கட்டிச் சரிந்தது. மறுநாள் காலையில் பாலசமுத்திரம் பையன் எங்கிருந்தோ தள்ளுவண்டி நிறையச் சாம்பல் நிற மண்கட்டிகளைக் கொண்டுவந்தான். தோப்பு ஓரத்தில் புது ரோடு போட வந்த மிஷின் ஒரு பெரிய கறையான் புற்றை இடித்துத் தள்ளியிருந்தது. அந்தப் புற்றுமண்.

"சிமெண்ட்டு தோத்துடும் சார். எங்க ஊர்ல கிரிக்கெட் பிச்சுக்கு இதான் போடுவோம். ஒருவாட்டி தண்ணி தெளிச்சி அடிச்சி காயவிட்டா, கடப்பாரையே எறங்காது."

"உள்ள பாம்பு இருந்தா?" என்று கேட்டாள் மகள்.

"இருந்தா அதுதான் ஃபர்ஸ்ட்டு குதிக்கும். நீ செகண்டு."

உண்மையாகவே அந்த மேடு நின்றது. வழுவழுப்பாக, மேல்நோக்கி வளைந்து, ஒரு பெரிய உள்ளங்கையைச் சாய்த்து வைத்ததுபோல. சாயங்காலம் மழை வருகிற பருவம் என்பதால் அதன்மேல் நீலத் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கல் வைத்தார்கள். மழை பெய்தது. காலையில் தார்ப்பாயை எடுத்தால் மேடு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருந்தது. மூவரும் அதைச் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

தோப்பைக் காவல் பார்க்கிறவரின் மனைவி எங்களுக்குப் பால் கொண்டுவருவாள். அவள் மேட்டைப் பார்த்துவிட்டுச் சொம்போடு நின்றாள்.

"இன்னா சார் இது, புத்து மண்ணயா எடுத்துக்கினு வந்து கட்டிக்கீதுங்க?"

"அது ஏற்கெனவே மிஷின் இடிச்சதும்மா. இதுங்க இடிக்கல."

"யாரு இடிச்சா இன்னா சார். புத்து மண்ணு எங்க போவுதோ நாகம்மாவும் அங்கதானே போவா. அதும்மேல சைக்கிள் ஏத்திக்கினு..." என்று இழுத்தாள். திட்டவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "பாத்து ஓட்டுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்தது. அந்தத் தோப்பில் பயப்படுவதற்கு இன்னொரு ஆள் கிடைத்துவிட்டாள் அல்லவா.

நடுவில் ஒருநாள் அவர்களுக்குள்ளேயே பந்தயம் வைத்தார்கள். தோப்புக்குப் பின்னால் இருக்கும் கரட்டின் உச்சியிலிருந்து ஆட்டுப்பாதை வழியாக ஓடைவரை. கடைசியில் வருகிறவர் மூன்று சைக்கிளையும் மோட்டார் தண்ணீரில் கழுவவேண்டும். நான் கீழே செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பதிப் பெண் புழுதிக்குள்ளிருந்து முதலில் வந்தாள். மகள் இரண்டாவது. பையன் வரவே இல்லை. நான் ஆட்டுப்பாதையில் மேலே ஏற ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். செயின் அறுந்திருந்தது.

"விவசாயின்னா சும்மாவா, எருத்த தோள்ல தூக்கிக்கினு வரான் பாரு" என்று மகள் கத்தினாள்.

"தோத்தாலும் நான் வண்டியக் கூட்டிக்கினு வந்தேன். உன்ன மாதிரி அது என்னக் கூட்டிக்கினு வரல."

அன்று மத்தியானம் மூவரும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூவர் முகத்திலும் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் சுத்தமாக, மற்றதெல்லாம் செம்மண். இதில் என்னதான் இருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். அவள் ரசத்தைக் குடித்துவிட்டு யோசித்தாள். "மேல போனதும் நைனா, ஒண்ணும் பண்றதுக்கு இல்ல. பெடல் மிதிக்க முடியாது, ப்ரேக்கு வேலைக்கு ஆவாது. பண்றதெல்லாம் மண்ணுல இருக்கும்போதே பண்ணிடணும். அப்புறம் சும்மா இருக்கணும். எனக்கு அது புடிக்கும்." எனக்கு அது புரியவில்லை. இன்றும் நான் அதைப் பலமுறை சொல்லிப்பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை நாகுல சவிதி. தீபாவளிக்குப் பின் வரும் சதுர்த்தி. எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பம், தெலுங்குக் குடும்பம் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். பிள்ளைகள் மூவரும் போட்டி நடக்கும் சரிவைப் பார்த்துவரத் திருப்பதிக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். காவல்காரரின் மனைவி முன்னால் வர, பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் பூ வைத்து, கையில் பால் சொம்பும் முட்டையும் எள்ளும் வெல்லமும் இடித்த சிமிலி உருண்டையும்.

"சார், எங்க புத்து இடிஞ்சிப்போச்சி. அதும் மண்ணு உங்ககிட்டதான் கீது. இங்கியே ஊத்திக்கிறோம். புள்ளைங்களுக்கும் நல்லது."

நான் நாத்திகன் இல்லை. பக்தனும் இல்லை. வருடக்கணக்காகப் பாம்பு பால் குடிக்காது என்று வகுப்பில் சொல்லிவருகிறவன். ஆனால் அந்த வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே நின்றவனுக்கு, அந்தப் பெண்கள் வந்து நின்றது ஆறுதலாக இருந்தது. தார்ப்பாயின் மேலிருந்த கற்களை நானே எடுத்தேன். அவர்கள் மேட்டின் நுனிக்குப் பின்னால் இறுகாத இடமாகப் பார்த்து ஒரு குச்சியால் துளை போட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பால் ஊற்றினாள். எல்லாம் உள்ளே இறங்கியது. முட்டையைத் துளைக்குள் விட்டார்கள். காவல்காரரின் மனைவி கடைசியில் குடத்துத் தண்ணீரையும் ஊற்றி, "அம்மா தாயே, ஆட்றது பசங்க, அறியாத பசங்க" என்று கும்பிட்டாள். பிறகு துளையை மண்ணால் மூடி, கையால் தட்டி, சாமானைப் போட்டது போட்டபடி விட்டுப்போகிற வழக்கம் இல்லாதவர்கள் என்பதால், தார்ப்பாயை முன்னைவிட நன்றாக இழுத்து மூடி, கல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். "சாமி மேலயா நாளைக்கு ஓட்டப்போறோம்? ஐயங்காரே, நீ மொதல்ல மன்னிப்பு கேட்டுக்க" என்றான் பையன்.

"எங்காத்துல இதெல்லாம் உன்னைவிட ஜாஸ்தி. நீ வாயை மூடிண்டு தார்ப்பாயை எடு."

சனிக்கிழமை காலையில் பையன் தார்ப்பாயை எடுத்தான். பூக்களை எடுத்து மாமரத்தடியில் பத்திரமாக வைத்தான். மேட்டின்மேல் ஏறிக் காலால் மிதித்துப் பார்த்தான். மேல்தோல் கல்லாக இருந்தது. உள்ளே ஓர் இரவு முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் வேர்த்துக் கிடந்த ஈரம் யார் காலுக்கும் தெரியவில்லை. முதலில் அவன் குதித்தான். பிறகு திருப்பதிப் பெண். இரண்டு தடவையும் டயர் மண்ணில் விழுந்து ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது என் மகள்.

நான் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தேன். உரசி வந்த சத்தம் அறுந்துபோகவில்லை. 'தொப்' என்று ஈரத்துணியைக் கல்லில் போட்டதுபோல ஒன்று கேட்டது.

ஓடையின் எதிர்க்கரையில் கிடந்தாள். முன்சக்கரம் நுனியில் புதைந்து, சைக்கிள் அவளைத் தலைகுப்புற எறிந்திருந்தது. வலது தோள் கரையில் மோதி, கழுத்து மறுபக்கம் வளைந்து விழுந்திருக்கிறாள். நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் தானே எழுந்து உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எலும்பு எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நான் அங்கேயே மண்டியிட்டு, காணாத தெய்வங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"நைனா, இந்தக் கை கனமா கீது" என்றாள். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானை வைத்துக்கொள்வதுபோல.

புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். வேலூரில் டாக்டர் முதலில் கையைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார். வலது இமை லேசாகத் தொங்கியிருந்தது. அதை நான் களைப்பு என்று நினைத்திருந்தேன். அவர் தன் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஸ்கேன் எடுத்த பிறகு என்னையும் சித்தூரிலிருந்து ஓடிவந்திருந்த என் மனைவியையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்திருந்தால் தைக்கலாம். இவளுக்குத் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. இமை தொங்கியதும் அதனால்தான். பிடுங்கியதை மறுபடி நட முடியாது. விலா எலும்புக்குப் போகும் நரம்பு ஒன்றைத் திருப்பிவிட்டு ஆபரேஷன் செய்தால், ஒன்றிரண்டு வருடத்தில் முழங்கை மடங்கலாம். விரல்களை எதிர்பார்க்க வேண்டாம்.

அருகில் இருந்த என் மனைவி, "சின்ன வயசுதானே டாக்டர், தானா வளந்துடாதா?" என்று கேட்டாள். அவளால் அப்படிக் கேட்க முடிந்தது. என்னால் முடியவில்லை. அந்த நரம்புக் கொத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். வேர்கள், கிளைகள், ஒவ்வொன்றும் எந்த விரலுக்குப் போகிறது என்பதுவரை. நம்பிக்கை வைக்கக் கொஞ்சம் தெரியாமை வேண்டியிருக்கிறது. எனக்கு அது வாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படுக்கையிலிருந்து மகள் மற்ற இருவரையும் போட்டிக்கு விரட்டினாள். "இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா கை வந்துடுமா? போங்க." பையன் போகவில்லை. அவன் சனிக்கிழமையே மண்வெட்டியை எடுத்து அந்த மேட்டைத் தரைமட்டமாக்கிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. திருப்பதிப் பெண் போனாள். முதல் மேட்டின் முன்னால் நின்றுவிட்டாளாம். சைக்கிளைக் கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டே சரிவு முழுவதும் இறங்கி வந்தாளாம். "மேட்டைப் பார்த்தா கை தானா ப்ரேக்கைப் பிடிக்கறது மாமா. நான் என்ன பண்ணட்டும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். உன் கை நீ சொல்லாமலே பிடிக்கிறதே அம்மா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதற்காக என்னை நானே வெறுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து சித்தூர் வீட்டுக்கு வந்தோம். கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. உணர்ச்சியே இல்லாத அந்தக் கை எரிகிறது என்பாள். விரல்களை யாரோ அடுப்பில் வைத்திருப்பதுபோல இருக்கிறதாம். தொட்டால் தெரியாது, ஆனால் எரியும். அதற்கான மாத்திரை அவளை மத்தியானம் முழுக்கத் தூங்கவைத்தது. படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்தோம்.

ஒருநாள் காவல்காரரின் மனைவியும் அந்த ஊர்ப் பெண்கள் சிலரும் பஸ் பிடித்து வந்தார்கள். பை நிறைய வேர்க்கடலை, நாட்டுக்கோழி முட்டை. பாலசமுத்திரம் பையனும் அன்று வந்திருந்தான். காவல்காரரின் மனைவி மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினாள்.

"அன்னிக்கி நாங்க பால் ஊத்தினமே, அதனாலதான் கண்ணு, தலைக்கு வந்தது கையோட போச்சி. இல்லன்னா அந்தக் கரையில வுழுந்தவங்க பொழைப்பாங்களா? நாகம்மா காப்பாத்திட்டா."

பையன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். என் மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். மேட்டை வெட்டியபோது உள்ளே சேறாக இருந்தது என்று பையன் அழுதுகொண்டே அவளிடம் சொல்லியிருந்தான்.

"ஆமாக்கா" என்றாள். "நீங்க மட்டும் ஊத்தலன்னா..." என்று நிறுத்தினாள். எதிரில் இருந்த முகங்களைப் பார்த்தாள். "...இன்னா ஆயிருக்குமோ. காபி குடிச்சிட்டுப் போங்கக்கா."

அவர்கள் போன பிறகு அவள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். யார்மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். அந்த வாரத்தில் கெட்டவர் என்று யாருமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒவ்வொரு காலையும் நான் அவள் கையைப் பரிசோதிக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, நானாகத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஒரு குண்டூசியால் ஏதாவது ஒரு விரலை லேசாகத் தொடுவேன். எந்த விரல் என்று அவள் சொல்லவேண்டும். டாக்டர் விரல்களை மறந்துவிடச் சொன்னது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாதக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறோம். "தெரியல நைனா" என்பாள். "பர்வாலேது, நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். என் குரல் அப்போது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவளுக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் ஒரு காலை வழக்கம்போல அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையை எடுத்து என் முட்டிமேல் வைத்தேன். விரல்கள் மெலிந்து, நகங்கள் மட்டும் ஒழுங்காக வளர்ந்திருந்தன. எந்த விரலைத் தொடுவது என்று பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"நடுவிரல்" என்றாள். "லேசா தெரியுது நைனா."

குண்டூசி என் சட்டைக் காலரிலேயே குத்தியிருந்தது. அதை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

"ஆமா" என்றேன். "நடுவிரல்தான்."

அவள் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.